அரைக்கால் அங்குலம்

தலைவர் ஐயா, நான் சாப்பாட்டில் குறை சொல்கிற ஆள் இல்லை. இதை முதலில் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள், ஏனென்றால் ஊரில் வேறு விதமாகக் கதைக்கிறார்கள். வைத்ததைச் சாப்பிடுவேன். சூடாக இருக்க வேண்டும், புளி கொஞ்சம் முன்னுக்கு நிற்க வேண்டும், சோறு ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது, மீனில் முள் இருக்கக்கூடாது. அவ்வளவுதான்.

பெயர் தில்லைநாதன். கரவெட்டி. பள்ளிக்கூடத்தில் மரவேலை படிப்பிக்கிறேன். என்மேல் முறைப்பாடு வைத்திருப்பவர் அதோ இருக்கிற ஆழ்வாப்பிள்ளையர், கலியாணத் தரகர், சாவகச்சேரி. தன் ஓஸ்ரின் காரின் ரயர்களையும் தன் ஒரே மகனையும் நான் கெடுத்துவிட்டேன் என்பது அவருடைய முறைப்பாடு. போன கூட்டத்தில் அதை நீங்கள் வாசித்தபோது, ஊர்ச் சண்டைகளைத் தீர்க்கிற இந்த இணக்கசபைக்கு இப்படி ஒன்று முன்பு வந்ததில்லை என்று சொன்னீர்கள். பக்கத்தில் இருந்த உறுப்பினர் லேஞ்சியால் வாயை மூடிக்கொண்டார். யோசித்து வந்து, ஒளிக்காமல் முழுவதும் சொல்லும்படி என்னிடம் கேட்டீர்கள். யோசித்துவிட்டேன். கேட்டால் நீங்களே, இதில் பிழை என்ன இருக்கிறது என்பீர்கள்.

எங்கள் வீட்டில் நானும் தங்கை கமலாவதியும் மட்டும். அப்பா முதலில் போனார், பிறகு அம்மா. அம்மா கண்மூடுவதற்கு முன் எங்கள் இருவருடைய கையையும் சேர்த்துப் பிடித்து, "பார்த்துக்கொள்" என்றார். யாரைப் பார்த்துச் சொன்னார் என்பதில் எனக்கும் கமலாவதிக்கும் இன்றுவரை கருத்து வேறுபாடு உண்டு. என் கணிப்பில் அம்மாவின் முகம் அவள் பக்கம்தான் திரும்பியிருந்தது.

அவளும் அப்படித்தான் நடந்துகொண்டாள். விடிய எழும்பிக் கோப்பி போடுவாள். நான் குளித்துவிட்டு வர, வேட்டி மடிப்புக் குலையாமல் கதிரையில் இருக்கும். மத்தியானம் மீனில் முள்ளை எடுத்துவிட்டுச் சதையை மட்டும் என் சோற்றுக் கோப்பையில் வைப்பாள். இந்த முள் விஷயத்தை ஊரில் பெரிதாக்கிவிட்டார்கள். சின்ன வயதில் எனக்கு ஒருமுறை தொண்டையில் முள் இறங்கியது. அப்போது கமலாவதி பிறக்கவில்லை. பிறந்து, கைவிரல்கள் வேலைக்கு வந்ததும், அந்தப் பொறுப்பை அம்மாவிடமிருந்து எடுத்துக்கொண்டாள். குடும்பத்துக்குள் இருக்கிற ஒரு ஏற்பாடு. அவள் சந்தோசமாக இருந்தாள். நான் கேட்டதில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயமா அது?

ஆனால் அவளுக்கு வயது ஏறிக்கொண்டு போனது. கோவிலில், கடையில், எங்கே கண்டாலும் ஆட்கள் என்னிடம், "தங்கச்சிக்கு ஒண்டும் பாக்கேல்லையோ?" என்று கேட்கத் தொடங்கினார்கள். அண்ணன் என்று ஒரு கடமை இருக்கிறது. ஆகவே நானே பஸ் ஏறிச் சாவகச்சேரிக்குப் போய் ஆழ்வாப்பிள்ளையரிடம் அவளுடைய சாதகக் குறிப்பைக் கொடுத்தேன். இதை அவர் மறுக்கமாட்டார். ஒரு மாப்பிள்ளையைத் தேடுவது வேறு, மாப்பிள்ளை கிடைப்பது வேறு. தேடட்டும் என்று நினைத்தேன். அவரிடம் ஒரு பழைய கார் இருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது.

கார் ஓஸ்ரின் சொமர்செட். முதுகு உருண்ட, பழைய பச்சை நிறக் கார். ஆழ்வாப்பிள்ளையருக்குக் கண்ணில் பூ விழுந்துவிட்டதால் மகன் தியாகலிங்கம்தான் ஓட்டுவார். சங்கக்கடையில் மனேச்சர் வேலை. அதிகம் கதைக்கமாட்டார். அவர்கள் முதல்முறை எங்கள் ஒழுங்கைக்குள் திரும்பியபோதே முன் ரயர் கீச்சென்று கத்தியது எனக்குக் கேட்டது. பிழையான சத்தத்தைக் கேட்டுக்கொண்டு என்னால் சும்மா இருக்க முடியாது. அது என் சுபாவம். கோப்பி குடித்து முடிவதற்கு முன் நான் காருக்கு அடியில் கிடந்தேன்.

இங்கே ஒரு சின்ன விளக்கம் வேண்டும். காரின் முன் சில்லுகள் இரண்டும் பார்வைக்கு நேராக நிற்பதுபோல இருக்கும். உண்மையில் நேராக நிற்கக்கூடாது. முன்பக்கம் ஒன்றையொன்று பார்த்து மட்டுமட்டாய் உள்ளே சரிந்து நிற்க வேண்டும். கார் திருத்துகிற கராச்சுக்காரர் இதை ரோ-இன் என்பார்கள். அந்தக் காருக்கு அரைக்கால் அங்குலம், அதாவது எட்டில் ஒன்று. இரண்டு சில்லுக்கும் நடுவே உள்ள தூரத்தை முன்பக்கத்தில் அளந்து, பிறகு பின்பக்கத்தில் அளந்தால், முன்பக்கம் அரைக்கால் அங்குலம் குறைவாக இருக்க வேண்டும். கூடிக் குறைந்தால், இரண்டு சில்லுகளையும் தொடுக்கிற கம்பியின் நட்டைத் தளர்த்தி முறுக்கினால் சரி. அளக்கக் கராச்சுக்குப் போகத் தேவையில்லை. இரண்டு மரச் சட்டங்கள் ஒன்றின்மேல் ஒன்று வழுக்குகிற மாதிரி ஒரு அளவுகோல் நானே செய்துகொண்டேன். ஒரே ஒரு கரைச்சல், அதன் ஒரு முனையை நான் பிடித்தால் மற்ற முனையை இன்னொருவர் பிடிக்க வேண்டும். கமலாவதியைக் கூப்பிட்டேன்.

அன்று நான் அந்தக் காரைச் சரியாகச் செய்தேன். மனதாரச் சொல்கிறேன், அதுதான் நான் செய்த பிழை.

அடுத்த கிழமையே ஆழ்வாப்பிள்ளையர் திரும்பி வந்தார். "மாஸ்ரர், உங்கடை கை பட்டாப் பிறகு கார் பஞ்சு மாதிரி ஓடுது. முந்தி கொடிகாமத்தாலை இஞ்சை வாறதெண்டால் இடுப்பு முறியும். இப்ப தூங்கிக்கொண்டெல்லே வாறன்" என்றார். அது மட்டுமில்லை. கார் நன்றாக ஓடுவதால் இனிக் கிழமைக்கு ஒரு மாப்பிள்ளைப் பகுதியையாவது பெண் பார்க்கக் கூட்டிவரலாம் என்றார். மூன்று மாப்பிள்ளைகளின் குறிப்புப் பொருந்துகிறதாம். ஒருவர் ஏற்கனவே லீவு எடுத்துவிட்டாராம்.

அன்று மத்தியானம் விளைமீன் குழம்பு. கமலாவதி முள் எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுடைய விரல்களைப் பார்த்துக்கொண்டு நான் நெடுநேரம் இருந்தேன். இந்தக் கைகள் யாரோ ஒரு முன்பின் தெரியாதவனுக்கு முள் எடுப்பதை நினைத்தபோது அவளுக்காக எனக்குத் துக்கமாக இருந்தது.

வெளியே வந்து, "வந்ததுதான் வந்தீர்கள், சில்லை ஒருக்கால் பார்த்துவிடுகிறேன்" என்றேன். ஆழ்வாப்பிள்ளையர் கை எடுத்துக் கும்பிட்டார். கமலாவதி அளவுகோலின் மற்ற முனையைப் பிடித்தாள். நான் கம்பியை மறுபக்கம் முறுக்கினேன். உள்ளே அரைக்கால் அங்குலம் நிற்க வேண்டியதை வெளியே அரை அங்குலமாக வைத்தேன். நட்டை நன்றாக இறுக்கினேன். நட்டு இறுக்காமல் விடுவது ஆபத்து. நான் அப்படியான ஆள் இல்லை.

வெளியே திரும்பி நிற்கிற சில்லுகள் என்ன செய்யும் என்றால், ஒவ்வொன்றும் தன் தன் பாட்டுக்குப் போகப் பார்க்கும். கார் நேரே போக விரும்பாது. ஸ்ரேறிங் கொஞ்சம் அசைந்தால் போதும், ஒரு சில்லு வென்று மற்றதை இழுத்துக்கொண்டு போகும். பிறகு மற்றது வெல்லும். ரயரின் உள்விளிம்பு ரோட்டில் உரஞ்சித் தேய்ந்துகொண்டே இருக்கும். நடப்பது எழுபத்திநாலாம் ஆண்டு. ரயர் என்றால் தங்கம் மாதிரி, பெயரைப் பதிந்துவிட்டுப் பிள்ளை பிறந்து நடக்கும்வரை காத்திருக்க வேண்டும். ரயர் தேய்ந்தால் கார் நிற்கும். கார் நின்றால் தரகர் நிற்பார். தரகர் நின்றால் எல்லாம் பழையபடி இருக்கும். இதில் யாருக்கு என்ன நட்டம் என்று நான் யோசித்துப் பார்த்தேன். ஒருவருக்கும் இல்லை.

முதலில் வந்தவர்கள் வரணிக்காரர். மாப்பிள்ளையின் தாய் தங்கமுத்து என்று ஒரு பெரிய உடம்புக்காரி. கார் எங்கள் படலையடியில் நின்றதும் இறங்கினார். இறங்கியவர் படலையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். பிறகு குரோட்டன் செடிகளுக்குப் பின்னால் போனார். திரும்பி வந்து கதிரையில் இருந்து, "வீடு சுத்துது, ஏன் உங்கடை வீடு சுத்துது?" என்று என்னிடம் கேட்டார். நான் மோந்து பார்க்கத் தேசிக்காய் கொண்டுவரச் சொன்னேன். கமலாவதி பட்டுச் சேலையோடு தட்டத்தில் பலகாரம் கொண்டுவந்தபோது அவர் கண்ணை மூடியபடி கையால் தள்ளிப் போகச் சொன்னார். பலகாரத்தைத்தான் சொன்னார், ஆனால் மாப்பிள்ளை அதை வேறு விதமாக எடுத்துக்கொண்டார். திரும்பிப் போகும்போது தங்கமுத்து காரில் ஏற மறுத்து, மகனையும் இழுத்துக்கொண்டு பஸ்சுக்கு நடந்தார்.

எனக்கு அந்த மாப்பிள்ளையை ஏற்கனவே பிடிக்கவில்லை. காலுக்குச் சப்பாத்து போட்டிருந்தார், உள்ளே மேசு போடவில்லை. அப்படிப்பட்டவரை நம்பி எப்படிப் பெண் கொடுப்பது?

அடுத்தது வெங்காயத்தில் நன்றாகக் காசு சேர்த்த ஒரு தோட்டக்காரரின் மகன். நல்ல பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் கூட வந்த தாய்மாமன் சகுனம் பார்ப்பவர். வருகிற வழியில் சுடலைக்குத் திரும்புகிற ஒழுங்கை ஒன்று இருக்கிறது. அந்த இடத்தில் கார் தானாக அந்தப் பக்கம் திரும்பியதாம். தியாகலிங்கம் பின்னுக்கு எடுத்து நேராக விட்டார். மறுபடியும் கார் அதே பக்கம் போனதாம். தாய்மாமன் என்னிடம், "தம்பி, நான் ஒண்டும் சொல்லேல்லை. காரே சொல்லிப்போட்டுது" என்றார். நான் மறுத்துக் கதைக்கவில்லை. ஒருவருடைய நம்பிக்கையில் தலையிடுவது எனக்குப் பழக்கமில்லை.

இப்படிச் சில மாதம் போனது. எண்ணிக்கை நான் வைத்திருக்கவில்லை. யாரும் சாகவில்லை. அச்சுவேலியில் ஒரு கோழி செத்தது, அது கார் நேராகப் போயிருந்தாலும் சாகக்கூடிய இடத்தில்தான் நின்றது. ஆழ்வாப்பிள்ளையர் ரோட்டை ஏசினார், அரசாங்கத்தை ஏசினார், எல்லாவற்றையும்விட மகனை ஏசினார். என்னை ஒருநாளும் ஏசவில்லை. ஒவ்வொரு முறையும் காரை என்னிடமே கொண்டுவந்தார். "மாஸ்ரர், முதல் தரம் செய்த மாதிரிச் செய்துவிடுங்கோ" என்பார். முன் ரயர் தேய்ந்ததும் பின் ரயரை முன்னுக்கு மாற்றினார்கள். அதுவும் தேய்ந்தது. பிறகு மேலதிகச் சில்லில் இருந்ததையும் போட்டார்கள்.

பிறகு தந்தை வரத் தேவையில்லாமல் தியாகலிங்கம் மட்டும் காரைக் கொண்டுவரத் தொடங்கினார். சில்லைப் பார்க்க வேண்டும் என்பார். நான் பள்ளிக்கூடத்தால் வரும்வரை வாசலில் இருப்பார். கமலாவதி கோப்பி கொடுப்பாள், சில நாள் சாப்பாடும் போடுவாள். அவருக்கு வைத்த மீனில் முள் இருந்ததை நான் ஒருநாள் கண்டேன், தானே எடுத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அதனால் எனக்கு ஒரு சந்தேகமும் வரவில்லை.

இனிக் கீரிமலை விஷயத்துக்கு வருகிறேன். அதுதான் உங்களுக்கு வேறு விதமாகச் சொல்லப்பட்டிருக்கும்.

மலைநாட்டு ஆசுப்பத்திரி ஒன்றில் மருந்து கொடுக்கும் அப்போதிக்கரி ஒருவர். குறிப்பு பொருந்திவிட்டது, மற்ற விஷயங்களும் பொருந்திவிட்டன. கீரிமலைக் கோவிலில் வைத்துப் பெண்ணைக் காட்டினால் அன்றைக்கே முற்றாக்கிவிடலாம் என்று ஆழ்வாப்பிள்ளையர் சொன்னார். பெற்றோல் தட்டுப்பாடு, ஆகவே இரண்டு பகுதியும் ஒரே காரில் போவது என்று தீர்மானித்தார்கள். முன்னுக்குத் தியாகலிங்கம், ஆழ்வாப்பிள்ளையர், நடுவில் நான். பின்னுக்கு அப்போதிக்கரி, அவருடைய தாய், மறுகரையில் கமலாவதி. தாய் நடுவில் ஒரு மதில் மாதிரி இருந்தார்.

நெல்லியடி தாண்டும்வரை பரவாயில்லை. வல்லை வெளியில் ஏறியதும் காற்றுப் பிடித்துக்கொண்டது. அந்த இடம் உங்களுக்குத் தெரியும், ஒரு மரம் இல்லை, இரண்டு பக்கமும் உப்புத்தண்ணீர். கார் ரோட்டின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாகக் கும்பிடு போட்டுக்கொண்டு போனது. நான் எதிர்பார்த்ததைவிடக் கூடுதலாகப் போனது. இதை நான் மனதில் குறித்துக்கொண்டேன்.

அப்போதிக்கரியின் தாய் பின்னால் இருந்து, "தம்பி, ரோட்டு உந்தப் பக்கமெல்லே இருக்கு" என்றார்.

"ஓம் அம்மா, நானும் அங்கைதான் போகப் பாக்கிறன்" என்றார் தியாகலிங்கம்.

எதிரே ஒரு மாட்டுவண்டி வந்தது. தியாகலிங்கம் விலத்தினார். கார் அந்த விலத்தலை மிகவும் விரும்பியிருக்க வேண்டும். ரோட்டைவிட்டு மெதுவாக இறங்கி, சேற்றைத் தாண்டி, சில்லு அரைவாசி தாழ உப்புத்தண்ணீருக்குள் போய் நின்றது. ஒரு அடிபாடும் இல்லை. அப்படியே ஒரு மாடு தண்ணீர் குடிக்கப் போய் நிற்கிற மாதிரி.

அப்போதிக்கரி வெள்ளைப் பட்டு வேட்டி கட்டியிருந்தார். கதவைத் திறந்து பார்த்தார். தண்ணீரைக் கண்டதும் சன்னலால் வெளியே வந்து காரின் கூரையில் ஏறிவிட்டார். ஏறியவர் இறங்கவில்லை. தாய் கீழே இருந்து, "இறங்கு மோனை" என்று கெஞ்சினார். "சேறு, அம்மா" என்றார் அவர். மாட்டுவண்டிக்காரர் வண்டியை நிறுத்திவிட்டு, இவர் யார், ஏன் காரின்மேல் இருக்கிறார் என்று என்னிடம் கேட்டார். மாப்பிள்ளை என்று சொன்னேன்.

அந்த நேரம் கமலாவதி மறுபக்கக் கதவைத் திறந்து இறங்கினாள். கூறைமாதிரி ஒரு சிவப்புப் பட்டு. அதை முழங்காலுக்குத் தூக்கிச் செருகிக்கொண்டு காருக்கு முன்னால் தண்ணீருக்குள் போய்த் தோள் கொடுத்துப் பின்னுக்குத் தள்ளினாள். பக்கத்தில் தியாகலிங்கம் தள்ளினார். கார் அசைந்ததும் கூரையில் இருந்த அப்போதிக்கரி கத்தினார். அந்தக் கத்தலைக் கேட்டு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். கமலாவதி அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் சேறு தெறிக்க, மூச்சு வாங்கச் சிரித்தாள். கார் மறுபடியும் தண்ணீர்ப் பக்கமே உருண்டு வந்தது. அதற்கும் சிரித்தாள்.

அப்போதிக்கரியின் தாய் அதைப் பார்த்துக்கொண்டு நின்றார். சம்பந்தம் அந்த இடத்திலேயே முடிந்தது. நாங்கள் கீரிமலைக்குப் போகவேயில்லை. எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. அந்தச் சிரிப்பு மட்டும் ஏனோ இரண்டு நாள் காதுக்குள் நின்றது.

இனி மிச்சம். ஒருநாள் பள்ளிக்கூடத்தில் விளையாட்டுப் போட்டிக்குப் பந்தல் போடுகிறார்கள் என்று மத்தியானமே விட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்தேன். மாமரத்துக்குக் கீழே பச்சைக் கார் நின்றது. தியாகலிங்கம் குந்தியிருந்து என் அளவுகோலைச் சில்லில் பிடித்துக்கொண்டிருந்தார். காருக்கு அடியிலிருந்து இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. கொலுசு போட்ட கால்கள்.

"இப்ப பாருங்கோ" என்றது அடியிலிருந்து குரல்.

"முன்னுக்கு அரைக்கால் அங்குலம் குறையுது. மட்டாய் வந்திட்டுது" என்றார் தியாகலிங்கம். பிறகு என்னைக் கண்டு எழும்பினார். "மாஸ்ரர் வந்திட்டார்."

"வரட்டும். நட்டை இறுக்கிப்போட்டு வாறன்."

கமலாவதி வெளியே வந்தாள். கையில் என்னுடைய ஸ்பானர், கன்னத்தில் கிறீஸ்.

"என்ன செய்யிறாய்?" என்று கேட்டேன்.

"நேர்ப்படுத்திறன் அண்ணை."

"அது நேராய்த்தானே இருந்தது."

"நீங்கள் அளக்கேக்கை மற்ற முனையைப் பிடிச்சது ஆர் அண்ணை?"

நான் அளவுகோலைப் பார்த்தேன்.

"எனக்கு ரண்டாந்தரமே தெரியும். முன்னுக்குக் கூடினால் பிழை எண்டு முதல் நாள் நீங்கள்தானே சொல்லித் தந்தனீங்கள்" என்றாள். கோபம் இல்லை. உப்புக் கொஞ்சம் கூடிவிட்டது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள்.

"தெரிஞ்சுகொண்டு ஏன் பேசாமல் இருந்தனி?"

அவள் தியாகலிங்கத்தைப் பார்த்தாள். அவர் முன் ரயரை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்ப்பதற்கு ஒன்றும் மிஞ்சியிருக்கவில்லை.

"கார் பிழைச்சால்தானே இவர் வருவார்" என்றாள்.

பிறகு ஸ்பானரைத் துடைத்து என்னிடம் நீட்டிவிட்டு, "கீரிமலைக்கு வெளிக்கிட்ட அண்டைக்கு நான்தான் இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டனான். உங்கடை அரை அங்குலத்தை நம்பியிருந்தால் அண்டைக்கு எல்லாம் முற்றாகியிருக்கும்" என்றாள்.

தலைவர் ஐயா, எனக்கு மனம் நொந்துபோய்விட்டது. என்னை ஏமாற்றினாள் என்பதற்காக இல்லை. வல்லை வெளியில் கார் போன போக்கைப் பார்த்து, என் அளவில்தான் பிழை வந்துவிட்டது என்று நான் எத்தனை நாள் என்னையே நொந்துகொண்டிருந்தேன். புதிதாக ஒரு அளவுகோல்கூடச் செய்யத் தொடங்கியிருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

கேட்பதற்கு எனக்கு ஆயிரம் கேள்வி இருந்தது. ஆனால் வாயில் வந்தது, "அப்ப மீன்?" என்பதுதான்.

அவள் என்னைப் பார்த்தாள். கண் நிரம்பியிருந்தது, ஆனால் சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன்.

"முள்ளை நீங்கள் எடுக்கலாம் அண்ணை. உங்களுக்குக் கண் நல்லாய்த் தெரியுதுதானே" என்றாள்.

அவர்கள் சாவகச்சேரியில் பதிவுத் திருமணம் செய்துகொண்டார்கள். என்னைக் கூப்பிட்டார்கள். அன்றைக்கு எனக்குத் தலையிடி. அவளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டபோது கார் எங்கள் ஒழுங்கையால் போனதைப் பார்த்தேன். ரயர் எல்லாம் வழுக்கல், அப்படியிருந்தும் இரண்டு வேலிக்கும் நடுவே, ஒரு பக்கமும் சாயாமல், நூல் பிடித்த மாதிரிப் போனது. அளந்து பார்க்கத் தேவையிருக்கவில்லை. தொழிலில் குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஆகவே முறைப்பாட்டுக்கு என் பதில் இது. ரயர்களைத் தேய்த்தது நான். எல்லாவற்றையும் நானே, தெரிந்துகொண்டு, வேண்டுமென்றே தேய்த்தேன். மகனை நான் கெடுக்கவில்லை. அதைக் கமலாவதி செய்தாள், அவளையும் கூப்பிட்டு விசாரியுங்கள். ஊருக்கெல்லாம் பொருத்தம் பார்க்கிற ஆழ்வாப்பிள்ளையர், காருக்குள் தன் பக்கத்தில் இருந்த மகனுக்குப் பார்க்கவில்லை என்று சனம் சிரிப்பது உண்மை. அது என் கணக்கில் வராது.

நான் இப்போது பருப்புச் சாப்பிடுகிறேன். பருப்பில் முள் இல்லை. கமலாவதி ஞாயிற்றுக்கிழமைகளில் வருவதாகச் சொல்லி அனுப்பினாள். நான் மறுமொழி சொல்லவில்லை. அவள் இல்லாமல் எனக்கு ஒரு குறையும் இல்லை என்பதை அவள் விளங்கிக்கொள்ள வேண்டும்.

கடைசியாக, போன கூட்டத்தில் பேசிய இணக்கம். ரயரும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், மாஸ்ரர் நான் சொல்கிற ஒரு பெண்ணைக் கலியாணம் கட்டினால் முறைப்பாட்டைத் திருப்பி எடுக்கிறேன் என்று ஆழ்வாப்பிள்ளையர் சொன்னார். பழிக்குப் பழி என்று நான் நினைத்தேன், நீங்கள் நல்ல மனம் என்றீர்கள். பெண் பெயர் மகாதேவி, சாவகச்சேரியில் ஆசிரியை. நேரான மனுசி என்று ஆழ்வாப்பிள்ளையர் சொன்னார். மாப்பிள்ளைக்குச் சமைக்கத் தெரியுமா, தன் உடுப்பைத் தானே தோய்ப்பாரா என்று அந்த அம்மா இரண்டே கேள்விதான் கேட்டாராம். உங்களுடைய மொறிஸ் மைனரிலேயே இன்றைக்குக் கூட்டம் முடிந்த கையோடு என்னைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுவதாக நீங்களும் பெரிய மனதோடு ஒத்துக்கொண்டீர்கள்.

எனக்குச் சம்மதம். வருகிறேன். நான் வாக்குத் தவறுகிறவன் இல்லை.

இன்று நான் வேளைக்கே வந்துவிட்டேன். உங்கள் கார் வாசலில் வேப்பமரத்துக்குக் கீழே நின்றது. காவலாளி என்னைக் கராச்சுக்காரர் என்று நினைத்து, நிலத்தில் விரிக்க ஒரு சாக்குக்கூடத் தந்தார். நல்ல மனிதர், அவரை ஏசாதீர்கள். மொறிஸ் மைனருக்குக் கம்பி இரண்டு பக்கமும் தனித்தனி என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்தது. எனக்காக நான் ஒன்றும் செய்யவில்லை. அந்த அம்மாவை நான் பார்த்ததுகூட இல்லை. நேரான மனுசி என்கிறார்கள். அப்படிப்பட்டவருக்கு என்னைப் போன்ற ஒரு மாப்பிள்ளை வாய்த்துவிடக்கூடாது என்ற இரக்கம்தான்.

கையெழுத்தை எங்கே வைக்க வேண்டும்? இதிலா? சரி.

வெளிக்கிடுவோம் ஐயா. வரணி வளைவில் மட்டும் கொஞ்சம் மெதுவாகப் போங்கள்.